சண்டை போட்டுக்கொண்டே வருதல்

என்னங்க,

நமது படைவீரர் குடும்ப மகளிர் சங்கம் வரலாற்றில் இடம்பெறத்தக்க ஒரு தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றியிருக்கிறது. உறுப்பினர்கள் இனி எந்த வீட்டுக்குப் போனாலும் தெருமுனையிலிருந்தே சண்டை போட்டுக்கொண்டு போக வேண்டும்.

காரணம் உண்டு. போன மாதம் அமலி அக்காவும் எல்சி அக்காவும் சங்க விழா அழைப்பிதழோடு வேம்பு வீட்டு வாசலில் அமைதியாகப் போய் நின்றிருக்கிறார்கள். ராணுவத்தில் மகன் இருக்கும் வீடு. அழைப்பிதழை நீட்டுவதற்குள் வேம்புவின் மாமியார் மயங்கி விழுந்துவிட்டார். தங்கள் வாசலிலும் ஒருநாள் சாவுச் செய்தியோடு அப்படி இருவர் வந்து நின்றதை இந்த இரண்டு அக்காக்களும் மறந்தவர்கள் இல்லை.

செவ்வாய்க்கிழமை நாற்றங்காலில் நின்றிருந்தேன். கணுக்காலளவு தண்ணீரில் வானம் முழுவதும் கிடந்தது. நான் மேகத்தின் மேல் நின்று நாற்றுப் பறிப்பது போலிருந்தது. எங்கோ தூரத்திலிருந்து குரல்கள் மிதந்து வந்தன.

"மத்திக் குழம்புக்கு மாங்கா போடாம வேற எதுக்குடி போடுவ?"

"தரங்கம்பாடியில வந்து இதச் சொல்லிப் பாரு, கரண்டியாலயே அடிப்பாங்க."

சிரித்துக்கொண்டே நிமிர்ந்தேன். எல்சி அக்கா சேலையோடு சேற்றில் இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உயிருக்கு ஒண்ணுமில்லம்மா. அதனாலதான் சண்ட போட்டுக்கிட்டே வந்தோம். எடது கால மட்டும் எடுத்துட்டாங்களாம்."

அமலி அக்கா அப்போதும் மாங்காயை விடவில்லை.

நம் வயல் நடவைச் சங்கத்துப் பெண்களே பார்த்துக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ரயிலில் புனே ராணுவ மருத்துவமனைக்கு வருகிறேன், அமலி அக்காவும் வருகிறார். உங்கள் புதுச் செருப்பில் வலதை மட்டும் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி