அப்பா எழுதி அடித்த சொல்

சாலை, திருவனந்தபுரம்
8-8-1953

சிரஞ்சீவி அழகியநம்பிக்குச் சித்தி நீலாம்பாள் ஆசியுடன் எழுதுவது. மதராஸில் நீ சுகமாயிருக்க பத்மநாபசுவாமியை வேண்டுகிறேன். இங்கே எல்லாரும் சுகம் என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை கை வரவில்லை.

போன மாதம் அரிசி மண்டியில் உன் அப்பாவின் வலது காலில் ஆணி தைத்தது. சர்க்கரை வியாதி உடம்பு, புண் ஆறவில்லை. விரல்கள் கறுத்து, இப்போது கறுப்பு பாதத்துக்கும் ஏறிவிட்டது. முட்டுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், வருகிற வெள்ளிக்கிழமை தாண்டினால் உயிருக்குத் தாம் பொறுப்பில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா சம்மதிக்கவில்லை. “எம் மவன் வந்து பாத்து வெட்டலாம்ணு சொல்லட்டும், அப்பம் வெட்டுங்க” என்கிறார். சரி, அவனுக்கு எழுதட்டுமா என்றால், “அவன் ஆபீசில பெரிய சோலியில இருக்கான்லா, இந்தக் காலுக்கு வேண்டி அவனை மெனக்கெடுத்தணுமாக்கும்?” என்று என்மேல் பாய்கிறார்.

உனக்கு நினைவிருக்கும், மண்டிக்காக ரயில்வேக்கு சரக்கு வேகன் கேட்டு எழுதி எழுதிப் பழகிய கை, உனக்கு எழுதும்போதும் மேலே ‘மோஸ்ட் அர்ஜெண்ட்’ என்று போட்டு அடிக்கோடு இடுவார், உள்ளே பார்த்தால் நாரத்தங்காய் ஊறுகாய் வந்து சேர்ந்ததா என்றிருக்கும். எல்லாவற்றுக்கும் அதையே போட்டால் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு, பக்கத்து மேஜைக்காரர்கள் சிரிக்கிறார்கள் என்று சித்திரையில் நீ எழுதினாய். நீ எழுதியதில் தப்பில்லை. அவரும் சிரித்தார். “பய நம்மளையே திருத்துகான் பாத்தியா” என்று கடையில் சுப்பு அண்ணாச்சியிடம் பெருமையாகக்கூடக் காட்டினார். ஆனால் அதற்குப் பிறகு உனக்கு அந்தச் சொல்லை அவர் எழுதவே இல்லை.

நேற்று கட்டிலில் சாய்ந்தபடி உனக்கு எழுதினார். நான் வாசகசாலைப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே அர்ஜெண்ட் என்று எழுதினார், வெகுநேரம் பார்த்தார், அடித்தார். அடித்தது தெரியக்கூடாதென்று வேறு தாள் வாங்கி, காலில் சிறு காயம், வரவேண்டாம் என்று முடித்துவிட்டார். அவர் கடிதமும் இதுவும் ஒரே தபாலில் வரும். அவர் எழுதியதை நம்பாதே. தந்தி அடித்திருப்பேன், ஆனால் தந்தி என்றாலே இழவென்று நினைத்து வழியெல்லாம் அழுதுகொண்டு வருவாய். அப்பா உயிரோடிருக்கிறார், உனக்காகத்தான் காத்திருக்கிறார்.

செங்கோட்டை வழி வண்டியைப் பிடி. பட்டினியாக வராதே. கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். நான் எழுதியதாக அவரிடம் சொல்ல வேண்டாம், நீயாகவே வந்ததாக இருக்கட்டும். வெள்ளிக்கிழமையை மறக்காதே. உறையின்மேல் அர்ஜெண்ட் என்றிருப்பது என் கையெழுத்து.

இப்படிக்கு
உன் சித்தி
நீலாம்பாள்