சிவப்புத் திட்டு வாழை

பாப்பாவின் அப்பாவுக்கு, அன்புடன் எழுதிக்கொள்வது.

குழந்தை நன்றாக இருக்கிறாள். இந்த வரியை இன்னொரு தடவை படித்துவிட்டு அப்புறம் கீழே வாருங்கள். கப்பலில் இருந்து நீங்கள் பேசும்போது பாதி வார்த்தை காற்றோடு போய்விடுகிறது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு அந்த இயந்திர அறையில் நீங்கள் என்னென்ன நினைத்துத் தவிப்பீர்களோ என்றுதான் போனில் சொல்லவில்லை. துறைமுகத்தில் உங்கள் கம்பெனி ஆள் இதைக் கையில் கொடுத்ததும், நின்றபடி படிக்காதீர்கள். உட்கார்ந்து படியுங்கள்.

போன மாதம் தள்ளுவண்டிச் செடிக்காரரிடம் ஒரு தொட்டி வாழை வாங்கினேன். பாப்பாதான் வண்டியை விட்டு நகரமாட்டேன் என்று நின்றாள். வாழையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் பச்சை ஒன்றுதான். இதில் இலை முழுக்கச் சிவப்புத் திட்டு, யாரோ பேனாவை உதறின மாதிரி. வாழைதானா என்று செடிக்காரரைக் கேட்டேன். சுருட்டின காகிதம் மாதிரி வந்திருந்த குருத்தைக் காட்டினார். ஓர் இலையின் ஓரத்தை நரம்போடு நேராகக் கிழித்துக் காட்டினார். தண்டு என்று நாம் நினைப்பது பட்டை பட்டையாகச் சுற்றிக்கொண்டிருப்பதையும் தடவிப் பார்க்கச் சொன்னார். அழகுக்கு வளர்க்கிற வாழையாம். நம்பினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை.

தொட்டியில் அதன் அடியில் சின்ன இலைகள் கொஞ்சம் புதராக நின்றன. வெள்ளைப் புள்ளி போட்டவை. அதைப் பக்கக்கன்று என்று நினைத்தேன். குட்டியாக இருக்கும்போது வெள்ளையாக இருக்கும், வளர்ந்தால் சிவக்கும் என்று நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன்.

அன்றைக்குப் பகலில் தையல் மெஷினில் உட்கார்ந்து ஒரு கோட்டுக்கு ஜிப் மாற்றிக்கொண்டிருந்தேன். நம் சில்வண்டு ஜன்னலோரம் விளையாடிக்கொண்டிருந்தாள். அவள் வாய் ஓய்ந்தால் ஏதோ விஷமம் நடக்கிறது என்று அர்த்தம், உங்களுக்கே தெரியும். வாய் ஓய்ந்தது. இந்த ஒரு தையலை முடித்துவிட்டு எழுந்திருக்கலாம் என்று நினைத்தேன். அதற்குள் ஒரு சத்தம் வந்தது. அழுகை இல்லை. தொண்டைக்குள் ஏதோ மாட்டிக்கொண்ட நாய்க்குட்டியின் சத்தம்.

திரும்பினால், வாயைத் திறந்தபடி நிற்கிறாள். எச்சில் சட்டை முழுக்க வழிகிறது. உதடு வீங்கி, நாக்கு உள்ளே போகாமல், கண் மட்டும் என்னையே பார்க்கிறது. என்ன தின்றாய் என்று கேட்டேன். கையை நீட்டித் தொட்டியைக் காட்டினாள்.

தூக்கிக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் படியிறங்கினேன். கீழ்வீட்டு டாக்ஸிக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தையின் முகத்தைப் பார்த்ததும் அவரே கதவைத் திறந்தார். வழியெல்லாம் அவள் மூக்கின் கீழே விரலை வைத்துக்கொண்டே போனேன். ஒவ்வொரு மூச்சும் வந்து என் விரலில் பட்ட பிறகுதான் அடுத்த மூச்சை நான் விட்டேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. வாயைக் கழுவிவிட்டார்கள், ஊசி போட்டார்கள், ஐஸ்துண்டை உதட்டில் வைத்துவைத்து எடுத்தார்கள். என்ன செடி என்று கேட்டார். வாழை என்றேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"வாழை இலையைக் கடிச்சா இப்படி வீங்காதும்மா. அந்தச் செடியை நான் பார்க்கணும்."

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. வாழை இல்லையென்றால் அது என்ன? இவ்வளவு நாளும் எதைத் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன்? வீட்டைப் பூட்டாமலேதான் ஓடிவந்திருந்தேன்; தொட்டியை எடுத்துவர டாக்ஸிக்காரரை அனுப்பினேன். தொட்டியை முன்சீட்டில் வைத்து, பெல்ட்டும் போட்டு ஓட்டிவந்திருக்கிறார் அந்த மனுஷர். அந்த நிலைமையிலும் அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது.

டாக்டரம்மா கையுறை போட்டுக்கொண்டு வாழையின் அடியை விலக்கினார். இது வாழைதான், ஆனால் கூடவே இன்னொன்றும் இருக்கிறது என்றார். தொட்டி நிறைவாகத் தெரியட்டும் என்று பண்ணையிலேயே சேர்த்து வைத்துவிடுகிறார்களாம். வெள்ளைப் புள்ளி இலை ஒன்றில், ஓரத்தில், வளைவாகக் குட்டிப் பல் தடம். நம் வீட்டுப் பல். அந்த இலைக்குள் கண்ணுக்குத் தெரியாத முள் முள்ளாக இருக்குமாம், கடித்தால் வாயெல்லாம் குத்தி வீங்குமாம், குரல்கூடப் போய்விடுமாம். தொண்டை அடைக்காமல் இருக்கிறதா என்று மறுநாள் வரை கூடவே வைத்துப் பார்த்தார்கள். அடைக்கவில்லை.

வீக்கம் வடிந்தது. வீட்டுக்கு வந்தோம். தொட்டியும் கூடவே வந்தது, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தேன். குரல் மட்டும் வரவில்லை.

நீங்கள் போன் செய்தபோது தூங்குகிறாள் என்றேனே, தூங்கவில்லை. என் மடியில்தான் இருந்தாள். உங்கள் குரல் கேட்டதும் வாயைத் திறந்தாள். வெறும் காற்று வந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். தொண்டையில் ஒன்றுமில்லை, ஆறிவிட்டது, பயத்தில்தான் பேசாமல் இருக்கிறாள், வற்புறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். வீட்டில் சத்தமே இல்லாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. மெஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன், வெறும் துணியிலாவது.

ஒரு நாள் காலை எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போய்க் குப்பைத்தொட்டி பக்கத்தில் வைத்துவிட்டு மேலே வந்தேன். பாப்பா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்து என் புடவையைப் பிடித்து இழுத்தாள். விடு என்றேன், கொஞ்சம் கோபமாகவே. அப்போது, கிழவர்களுக்கு இருமும்போது வருகிற மாதிரிக் கரகரவென்று ஒரு குரல் வந்தது.

"வாழை கடிக்கலம்மா. இன்னொண்ணுதான் கடிச்சுது."

அவளைத் தூக்கிக்கொண்டு மறுபடி கீழே ஓடினேன். குப்பை வண்டி தெருமுனையில் நின்றது. தொட்டி அங்கேயே இருந்தது.

செடிக்காரரைக் கூப்பிட்டனுப்பினேன். நன்றாகத் திட்டலாம் என்றிருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் மனுஷர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பண்ணையிலிருந்து வந்ததை அப்படியே விற்றேன், பிரித்துப் பார்க்கத் தோணலைம்மா என்றார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அவரே மண்ணைக் கவிழ்த்து, வேரைப் பிரித்து, அந்த இன்னொன்றைத் துண்டு விடாமல் எடுத்துக்கொண்டு போனார். வாழையைப் புது மண்ணில் வைத்துக் கொடுத்தார். வெளிச்சம் வேண்டும், ஆனால் உச்சி வெயில் நேராக விழக்கூடாதாம். விரலை மண்ணில் விட்டுப் பார்த்து, மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். தொட்டியின் ஓட்டை அடைபட்டால் வேர் அழுகிவிடும். வேரைக் கலைத்ததால் கொஞ்ச நாள் வாடும், பயப்படாதீங்க என்றார்.

வாடத்தான் செய்கிறது. கீழ் இலை ஓரம் கருகிவிட்டது. பாப்பா தினமும் போய், தொடாமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்க்கிறாள். நாலு வயசுக் குழந்தை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதைப் பார்க்க எனக்கு நெஞ்சு வலிக்கிறது. பேசுகிறாள், ஆனால் எண்ணிப் பேசுகிறாள். எதைக் கொடுத்தாலும் இதைச் சாப்பிடலாமா என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைக்கிறாள்.

நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன். சோப்பை மேலே வைத்தேன், ஊசி டப்பாவைப் பூட்டினேன், ஜன்னல் கொக்கியைப் போட்டேனா என்று எழுந்து எழுந்து பார்க்கிறேன். அவள் தூங்கும்போது இன்னும் மூக்கின் கீழே விரலை வைக்கிறேன். டாக்ஸிக்காரர் வீட்டில் இருக்கிறாரா என்று படியில் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருகிறேன். அவர் சவாரிக்குப் போய்விட்டால் எனக்கு வேலை ஓடுவதில்லை.

அடுத்த தடவை போன் செய்யும்போது செடியைப் பற்றிக் கேட்காதீர்கள். குரல் ஏன் இப்படி இருக்கிறது என்றும் கேட்காதீர்கள். கடலில் என்ன பார்த்தீர்கள் என்று நீங்கள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருங்கள். அவளாகக் குறுக்கே பேசுவாள். கொஞ்சம் நேரமானாலும் வைத்துவிடாதீர்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சூடான குழாய்களுக்குப் பக்கத்தில் கவனமாக நில்லுங்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும், அது போதும். புறப்பட்டு வாருங்கள் என்று எழுதமாட்டேன், உங்கள் வேலை எனக்குத் தெரியும். எப்போது வருவீர்கள் என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். தள்ளிப்போகிற தேதியாக இருந்தாலும் பரவாயில்லை.

என்றும் உங்கள்,
பாப்பாவின் அம்மா