மாடிப்படிச் சுவரில் கரிக்கோடுகள்

தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தவர் மேலேயிருந்து கூப்பிட்டார். "மாடிப்படி செவுத்துல கரிக்கோடா இருக்குதும்மா. பூசிடட்டா?"

"கை வெச்சே, நான் மனுசியா இருக்கமாட்டேன்" என்று கத்திவிட்டேன். பாவம், அவருக்கு என்ன தெரியும். அது நீங்கள் போட்ட கோடு. நிலாவுக்குக் குறுக்கே ஒரு பறவை போனால் ஒரு கோடு.

மழைக்காலத்தில் வடக்கேயிருந்து ராத்திரியில்தான் பறவைகள் நம் ஏரிகளுக்கு வரும் என்று உங்களுக்கு யார் சொன்னார்களோ. பழைய சாமான் கடையில் பைனாகுலர் வாங்கிவந்தீர்கள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கம்பெனி பஸ் ஓட்டிவிட்டு வந்து, சாப்பிடாமல்கூட மாடிக்குப் போவீர்கள். "வாமே, கடுகு மாதிரி போவுது பாரு" என்பீர்கள். எனக்கு அடுப்பில் வேலை. ஒருநாளும் வந்ததில்லை.

இரண்டு வருஷம் முன்னால் எதிர்வீட்டு மருமகன் நம் வாசலில் நின்று கத்தினான். "எங்க வூட்டு மாடி சன்னல்ல இன்னாய்யா பாக்குற?"

"நெலாவதாம்பா பாத்தேன்."

"நெலாவுல எவ துணி மாத்துறா?"

தெருவே சிரித்தது. அதுகூடப் போகட்டும். கதவைச் சாத்திவிட்டு நானும் கேட்டேனே, "நெசமாவே பறவையத்தான் பாத்தீங்களா?" என்று. நீங்கள் பைனாகுலரைத் துண்டில் சுற்றிப் பெட்டியில் வைத்தீர்கள். அப்புறம் மாடி ஏறவேயில்லை. போன வருஷம் ஆவணியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்தீர்கள்.

உங்கள் மேலும் கோபம்தான். என் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டியிருக்கக் கூடாதா? வாய் இல்லையா உங்களுக்கு? அந்த மருமகனே மாலையோடு வந்து, "தங்கமான மனுசன்" என்றான். அதையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நேற்று ஐப்பசிப் பௌர்ணமி. கோயிலில் அன்னாபிஷேகம் பார்த்துவிட்டு வந்து பெட்டியைத் திறந்தேன். துண்டில் உங்கள் தலை எண்ணெய் வாசனை. பைனாகுலரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். நிலா எங்கே ஏறுகிறது தெரியுமா? அந்தச் சன்னலுக்கு நேர் மேலே. வேறு எங்கே பார்ப்பீர்கள் நீங்கள்!

எதிர்வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள். "இன்னாக்கா, நீயுமா?"

"ஆமாண்டி, நானுந்தான். உன் மருமவனையும் இட்டுக்கினு மேல வா. இன்னா பாக்குறோம்னு அவனே பாக்கட்டும்."

சன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. நான் நகரவில்லை. கழுத்து கடுத்தது. அப்போது ஒன்று போனது. கடுகு மாதிரிதான்.

அடுப்புக்கரி எடுத்துவந்து உங்கள் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு கோடு போட்டேன். கோணலாக வந்தது. இருக்கட்டும். பூச யாரையும் விடமாட்டேன்.