எட்டாவது பாகத்துல ஒரு பேரு

அதான் சொல்ல வந்தேன் தேவி, போன்ல நீ என்னைப் பேசவே உடல, பயப்படாத சின்னம்மா பயப்படாத சின்னம்மான்னு நாலு வாட்டி சொல்லிட்டு மீட்டிங்கு கீதுன்னு வெச்சிட்ட, அதுவும் அது பக்கத்து ஊட்டு பக்ருன்னிசா போனு, அந்தம்மா பக்கத்துல நிக்குது, உங்க சித்தப்பா வாசல்ல செருப்பு கழட்றாரு, நான் இன்னாத்த சொல்றது. அதனால தான் பேனாவ எடுத்தேன். கண்ணு, நீ சொகமா கீறியா, அந்த ஊரு குளுருக்கு கால் வெடிப்பு எப்டி கீது, வேளைக்கு துன்றியா இல்ல அந்த ரொட்டியே தானா. இங்க நாங்க ரெண்டு பேரும் அம்மன் புண்ணியத்துல ஒடம்பு வரைக்கும் நல்லா கீறோம், மனசு தான் ஒரு எடத்துல நிக்கல. இத்த மெஹக்கு கைல குடுத்து உடறேன், அதான் பக்ருன்னிசா பொண்ணு, அதுக்கு உங்க ஊர்லியே நர்சு வேலை கெடச்சிச்சே, சனிக்கிழமை காலைல பிளைட்டு ஏறுது, ஞாயித்துக்கிழமை உன் கைல சேந்துடும். கூட பருப்புப் பொடியும் எலுமிச்ச ஊறுகாயும் கீது. கருவாடு வெக்கல, ஏர்ப்போர்ட்டுல புடுங்கிகினு அபராதம் வேற போடுவாங்க ஆன்ட்டின்னு மெஹக்கு சொல்லிச்சு. மொதல்ல கடுதாசிய படி, அப்பால பொடிய தொற.

தேவி, நீ சொன்னத நான் எதுனா ஒன்னு தட்னேனா சொல்லு. சும்மா வேலை இல்லாம ஊட்ல குந்திகினு கீறியே சின்னம்மா, உனக்குத் தெரிஞ்ச சாமி கதைய பேசு, நான் பாட்காஸ்ட்டு போடறேன்னு நீ தான் ஆரம்பிச்ச. பெரிய கோயிலு வேணாம், அம்பத்தூரு ஆவடி பூந்தமல்லி பக்கம் ரோட்டோரம் குந்தினுகீற சாமிங்க, வாரம் ஒன்னு, பத்து வாரம்னு பேசிகினோம். மொதலத போட்டுட்டு ரெண்டாவதுக்கு முழிக்கக் கூடாது, பத்தும் கைல வந்தப்பறம் தான் ஒன்னு ஒன்னா வெளிய உடணும்ன, சரின்னேன். ஊரு ஒலகத்துக்கே பேசாத, ஒரே ஒரு ஆளு எதிர்ல குந்திகினு கீறாங்கன்னு நெனச்சிப் பேசுன்ன, நான் உன்னத் தான் குந்த வெச்சிகினேன். சித்திரை வெயில்ல ஃபேன நிறுத்திட்டு ரெண்டு கம்பளிய தலைக்கு மேல போத்திகினு பீரோ பக்கத்துல குந்தி, எலக்ட்ரிக் ரயிலு போசொல்ல நிறுத்தி, பக்கத்து ஊட்டு மிக்சிக்கு நிறுத்தி, வேத்து ஊத்த ஊத்தப் பேசினேன், உங்க சித்தப்பா எட்டிப் பாத்துட்டு இன்னாடி ஆவி புடிக்கிறியான்னு கேட்டாரு. பாட்காஸ்ட்டு ஆரம்பிக்கறவங்க பாதி பேரு ஏழு எட்டு பாகத்துலயே மூட்டை கட்டிடுவாங்க, நீ அப்டி பண்ணிடாதன்னு நீ பயமுறுத்துனதுக்குத் தான் நான் ஆடி மொத வெள்ளிக்கு அம்மன் எதிர்ல மஞ்சக் கயித்துல காப்பு கட்டிகினேன், பத்தாவது வாரம் முடிஞ்சா தான் அவுப்பேன்னு. இன்னிக்கும் கைல கீது, சாயம் போயி அழுக்காயிடுச்சு.

ஒன்னே ஒன்னுல தான் நமக்குத் தகராறு. வணக்கம் கும்புடுன்னு இழுக்காத, நேரா கதைக்குள்ள போ, கேக்கறவங்க ஓடிப் பூடுவாங்கன்னு நீ சொன்ன. நான் ஒத்துக்கல. எங்க நைனா கன்னிக்கோயில்ல உடுக்கை அடிச்சிப் பாடினவரு, கதைய யாரு குடுத்தாங்களோ அவங்க பேரும் தெருவும் சொல்லி கையெடுத்து கும்புட்டுட்டு தான் வாயத் தொறக்கணும், இல்லாட்டி அது திருட்டுக் கதை, சாமி காது குடுக்காதுன்னு எங்களுக்கு சொல்லிக் குடுத்தவரு. பேர வெட்டினா நான் பேசவே மாட்டேன்னு ரெண்டு நாளு உன் போன எடுக்கல. நீயும் சரி உடு சின்னம்மா, உன் இஷ்டம்னு உட்டுட்ட. அந்தப் புடிவாதம் இப்ப எங்க கொண்டாந்து நிறுத்திகீதுன்னு கேளு.

எட்டாவது பாகம் நம்ம ஏரிக்கரை ஏழு கன்னிங்க கதை, நாளைக்கு ஏழாவது, இது அடுத்த வெள்ளி வரணும். ஏழு கல்லு, சின்ன வயசுல நீயும் அதுங்களுக்கு மஞ்சள் பூசிகீற. அந்த எடத்த வளைச்சி மனை போட்டாங்களே, அன்னியோட கல்லு ஏழும் காணோம், வெள்ளத்துல போச்சின்னு ஊரே நம்பிச்சு. வெள்ளத்துல போவல. ஜேசிபி ஓட்றாரே நடேசன் தம்பி, பால் சொசைட்டி பின்னாடி குடியிருக்காரு, அவரு தான் மனை போட்டவங்க சொன்னாங்கன்னு பேத்தெடுத்தாரு. ஒவ்வொரு கல்லா தூக்கசொல்ல கண்ண மூடிகினாராம். பொதைச்சது எங்கன்னா, அவங்க போட்ட பார்க்குல, பசங்க ஆடற ஊஞ்சலுக்கு அடியில. அன்னிலேருந்து அவருக்கு வலது கை நடுங்குது, டீ கிளாசு புடிக்க முடியல, ஆனா லீவர புடிச்சா நிக்குதாம், அதான் அவருக்கு இன்னும் பயம். பங்குனில கோயில் பின்னாடி என் கைல கற்பூரத்த வெச்சிகினு அழுதுகினே சொன்னாரு. கல்லு கீற எடம் கோயில் நெலம், கல்ல தோண்டி எடுத்தா மனை வாங்கினவங்க எல்லாம் கோயில் நெலத்தயா எங்களுக்கு வித்தீங்கன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க. அது எனக்குத் தெரியும். நான் சாமிக்காகத் தான் பேசினேன், மனைக்காகப் பேசல.

நீ இன்னா பண்ண, முன்னாடியே ஆசைய கெளப்பணும்னு சொல்லிட்டு ஏழு கன்னிங்கள எங்க பொதைச்சாங்கன்னு என் கொரல்லியே அரை நிமிசம் வெட்டி டிரெய்லருன்னு போட்ட. நாலாயிரம் பேரு கேட்டாங்க சின்னம்மான்னு குதிச்ச. அந்த நாலாயிரத்துல மனை போட்டவங்களும் கீறாங்க தேவி. போன வாரம் ஞாயித்துக்கிழமை ஒருத்தரு வந்தாரு, வெள்ளச் சட்டை, நெத்தி நெறய விபூதி, தட்டுல ஆப்பிளு மாதுளைன்னு அடுக்கிகினு. ரொம்ப மரியாத. பூசை ரூமுக்கு எதிர்ல சேர இழுத்துப் போட்டு குந்திகினு, உங்க கொரலு இன்னா கொரலும்மா, இந்தக் கொரலு இன்னும் நெறய வருசம் கேக்கணும்மான்னாரு. அப்பால சிரிச்சிகினே, ஏழு கல்லு சமாச்சாரம் யாரும்மா சொன்னதுன்னு கேட்டாரு. நான் அம்மன் கனவுல வந்து சொன்னான்னேன். பொய் தான், அம்மன் மன்னிச்சிடுவா. அவரு சாமி படத்த பாத்தாரு, என்னைப் பாத்தாரு, அம்மன் அட்ரசும் சேத்து சொன்னாளான்னு கேட்டுட்டு ஒரு சிரிப்பு சிரிச்சாரு. உங்க சித்தப்பா எதிர்ல தான் நின்னாரு, அவருக்கு சிரிக்கவும் தெரியல அழவும் தெரியல.

அப்பால தான் ஒன்னொன்னா. எதிர் கம்பத்துல ஒரு கேமரா மாட்டினாங்க, ஏரியா பாதுகாப்புக்காம், தெருவப் பாக்கல, நம்ம வாசலத் தான் பாக்குது, கோலம் போடசொல்ல எனக்கு முதுகு கூசுது. தண்ணி லாரி நம்ம ஊட்டத் தாண்டிப் போயி தான் நிக்குது, டிரைவர கேட்டா மேல பாக்கறாரு கீழ பாக்கறாரு, வண்டிய எடுத்துகினு பூடறாரு. அம்பத்தூரு எஸ்டேட்டுல உங்க சித்தப்பாவ மொதலாளி கூப்ட்டு, இன்னா வீரராகவன், ஊட்டம்மா நல்லா கதை சொல்றாங்களாமேன்னு கேட்டாராம். அவ்ளோ தான் கேட்டாரு. இருவது வருசமா அந்தக் கம்பெனில லேத்து ஓட்றாரு, ஒரு நாளு என் பேர கேட்டதில்ல அந்த மொதலாளி. அன்னிக்கு இவரு ஊட்டுக்கு வந்து சோத்துல கை வெக்கல. என் போன எடுத்து பீரோவுல பூட்டிட்டு சாவிய அரைஞாண்ல கட்டிகினாரு. உன் தேவிக்கு அங்க குந்திகினு டவுன்லோடு எண்றது சுலபம், நாம இந்தத் தெருவுல தான்டி நடக்கணும்னாரு. கோவமா சொல்லல. காளியாட்டம் கத்தினாருன்னா எனக்கு பழக்கம்.

இந்த வாரம் திங்கக்கிழமை அந்த வெள்ளச் சட்டைக்காரரு மறுபடியும் வந்தாரு. இந்த வாட்டி பழம் இல்ல, தட்டு இல்ல. தண்ணி குடுங்கம்மான்னு வாங்கிக் குடிச்சாரு, சேதி சொல்லிட்டு கெளம்பிட்டாரு, இன்னா சேதின்னா, உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்னும் இல்லம்மா, நீங்க பாட்டுக்கு பேசுங்கன்னு. யாரு சொன்னதுன்னு ஒரு வார்த்த கேக்கல தேவி. நான் அம்மனுக்கு அப்பவே கற்பூரம் ஏத்தினேன், அவன் வாயக் கட்டிட்டாளேன்னு.

அந்த நிம்மதி ஒரு நாளு தான். செவ்வாக்கிழமை நடேசன் தம்பி வந்தாரு, வாசப்படி ஏறல, மதில் ஓரமா நின்னுகினே யக்கா, என் பேரு எங்கியும் வராதில்லன்னு கேட்டாரு. நான் இந்தக் காப்பு கட்ன கையால அம்மன் மேல சத்தியம் பண்ணி வராதுப்பா, நீ போயி நிம்மதியா வேலையப் பாருன்னு அனுப்பினேன். அவரு போயி, நான் வெளக்கேத்தி, வழக்கமா சொல்ற கும்புடு வரிய வாய்க்குள்ளயே சொல்றேன், நாக்குல அவரு பேரு வருது. எட்டாவது பாகத்துல மொத வார்த்தயே, இந்தக் கதைய எனக்குக் குடுத்தவரு பால் சொசைட்டி பின்னாடி கீற நடேசன், அவருக்கு என் கும்புடுன்னு தான் ஆரம்பிச்சிகீறேன். சித்திரைல பேசினது, எனக்கு நெனப்பே இல்ல. எல்லாத்துக்கும் அதே மாதிரி தான ஆரம்பிக்கிறேன், வாய் பாட்டுக்கு சொல்லிடிச்சி. அம்மன் மேல பொய் சத்தியம் பண்ணவ ஆயிட்டேன் தேவி.

அதனால நான் கெஞ்சிக் கேக்கறேன், இத்தப் படிச்ச ஒடனே வேற வேலையே பாக்காத, அந்தக் கம்பியூட்டருல போயி அந்தப் பேர வெட்டு. பேரு, தெரு ரெண்டும். என் கொரலு கொரகொரன்னு கேட்டாலும் பரவால்ல, மொத நிமிசம் முழுக்க போனாலும் பரவால்ல. கதை குடுத்தவன் பேரு இல்லாம கதை சொன்ன பாவம் என் தலைல வரட்டும், நான் பதினோரு வாரம் வெளக்கு போட்டு கழிச்சிக்கிறேன். பாகத்தயே நிறுத்தணும்னு உனக்குத் தோணுச்சின்னா நிறுத்திடு, காப்ப நான் நடுவுல அவுத்துக்கறேன், அம்மன்கிட்ட நான் பேசிக்கிறேன். இப்ப நிறுத்தினா பாட்காஸ்ட்டு செத்துடும்னு போன்ல சொன்ன. சாவட்டும் கண்ணு. நெலச்சி நிக்கணும்னு தான் ரெண்டு பேரும் இவ்ளோ பாடுபட்டோம், எனக்கும் ஆசை தான், திருநின்றவூர்ல யாரோ ஒரு பொண்ணு என் கதைய கேட்டு சாமிய தேடிகினு போச்சின்னு நீ படிச்சிக் காட்டினப்ப நான் அழுதவ தான். ஆனா அந்த மனுசனுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க கீது.

ஒன்னு மட்டும் மனசுக்கு ஆறுதலு. நடேசன் தம்பிக்கு நல்ல வேலை வந்துகீது. கிருஷ்ணகிரி தாண்டி எங்கியோ கல்லு குவாரில ஒரு மாசம் வண்டி ஓட்டணுமாம், சாப்பாடு தங்கறது அவங்களே. மனை போட்டவங்க ஆளுங்க தான் ஏற்பாடு, பழசெல்லாம் மனசுல வெச்சிக்கல பாருன்னு அவரு பொண்டாட்டிக்கு ஒரே சந்தோசம். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் அவங்களே கார் கொண்டாந்து கூட்டிகினு போறாங்களாம், அங்க சிக்னலு கெடைக்காது, போன் வரலன்னா கவலப்படாதன்னு முன்கூட்டியே சொல்லிட்டாங்களாம். எட்டாவது பாகம் வர்ற அன்னிக்கு மனுசன் ஊர்லியே இருக்க மாட்டாரு. அம்மன் தான் வழி பண்ணிகீறான்னு நெனச்சிகினேன்.

மெஹக்கு வந்து நிக்குது, ஆன்ட்டி இது கடுதாசியா கம்பராமாயணமான்னு கேலி பண்ணுது, முடிச்சிக்கிறேன். ராவுல ஜன்னல தெறந்து வெச்சிகினு தூங்காத, குளுரு காதுக்குள்ள பூடும். வெள்ளிக்கிழமை தலைக்கு குளி, ஒரு வெளக்காவது ஏத்து, மெழுகுவத்தி இல்ல, எண்ண வெளக்கு. எங்க போனாலும் அம்மன் உன் முன்னாடியும் பின்னாடியும் நடக்கட்டும், நீ நெனச்சது நடக்கட்டும், உன் வாசல்ல கெட்டது காலு வெக்காம இருக்கட்டும். பேர வெட்றத மறக்காத. மெஹக்குக்கு அங்க யாரும் தெரியாது, மொத வாரம் உன் ஊட்ல வெச்சிக்க.

இப்படிக்கு
பெத்தது அக்கான்னாலும் உன்ன வளத்த உரிமையில் எழுதும்
சின்னம்மா வசந்தா

தேவி, கவர ஒட்டசொல்ல தான் ஞாபகம் வருது. இன்னின்ன கதை வரப்போவுதுன்னு மொத பாகத்துலயே சொன்னா தான் ஜனங்க கடைசி வரைக்கும் நிப்பாங்கன்னு நீ சொன்னதுக்கு, நான் கல்யாணப் பத்திரிக படிக்கிற மாதிரி பத்து கதையும் வரிசையா சொல்லி, அதது குடுத்தவங்க பேரும் தெருவும் சொல்லி பத்து கும்புடு போட்டேன். எட்டாவது ஏழு கன்னிங்க, நடேசன், பால் சொசைட்டி பின்னாடி. அந்த மொத பாகம் வெளிய வந்து நாளையோட ஆறு வாரம் ஆவுது.