மீனுக்கு வைத்த காற்று

மார்ச் 3
விற்பனைக்குக் கோய் வண்ணமீன்களைப் பையில் கட்டும் நாள். காலையிலேயே வலது கண்ணுக்குப் பின்னால் குத்தூசி இறங்கியது. கண் சிவந்து, அந்தப் பக்கத்து மூக்கு மட்டும் ஒழுகியது. உட்கார முடியாமல் முற்றத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். இந்த மாதம் வந்தால் தினமும் இதுதான்.

மருமகள் யுலி, "காத்து பூந்துடுச்சுத்தே" என்று தைலம் தடவி, அந்தக் காற்றை வெளியேற்றக் காசால் முதுகைச் சுரண்டினாள். முதுகு வரிவரியாய் எரிகிறது. தலைவலி அப்படியேதான் இருக்கிறது.

பைகளுக்கு ஆக்சிஜன் பிடித்துக்கொண்டிருந்த மகன் பர்னோ, சுரபாயாவிலிருந்து மீன் வாங்க வந்த வியாபாரியிடம் சொன்னான்: "வருஷா வருஷம் அம்மாவோட நாடகம்." வியாபாரி சிரித்தான். அந்தப் பல்வரிசையை மறக்க மாட்டேன்.

மார்ச் 4
வந்தது. எழுத முடியவில்லை.

மார்ச் 9
சுகாதார நிலையத்துக்குத் தனியாகவே போனேன். புது டாக்டரம்மா நெடுநேரம் கேட்டாள். "கொத்துத் தலைவலிம்மா இது. ஆக்சிஜன் இழுத்தா நெறைய பேருக்கு அடங்கும்."

"எங்க வீட்ல அத மீனுக்குல்ல போடுவோம்?"

"உங்களுக்குத் தனியா எழுதித் தரேன். கிட்ட யாரும் சிகரெட் பிடிக்கக் கூடாது."

பர்னோவிடம் சொல்ல ஓடினேன். மீன் கொட்டகையில், தீவன மூட்டைகளுக்குப் பின்னால் இருந்தான். முகத்தில் முகமூடி, அதிலிருந்து மீன் சிலிண்டருக்குக் குழாய். வலது கண் சிவந்து நீர் வடிந்தது. குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது யுலி.

"எத்தன நாளா?"

"இவருக்கும் இதே வலிதான், போன வருஷத்துலேருந்து" என்றாள் யுலி.

"அப்ப என் முதுக ஏன்டி சுரண்டுன?"

"இவருதான் சொல்லாதேன்னாரு. அம்மா நடிக்குதுன்னு ஊரெல்லாம் சொல்லியாச்சு, இப்ப எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றதுன்னாரு."

மார்ச் 10
அவர்களோடு சாப்பிடவில்லை. இவனைப் பெற்ற வலி இதில் கால்வாசி இல்லை. நான் சுவரில் தலையை முட்டியதைப் பார்த்தானே — மருந்து கொட்டகையில் இருக்கிறதென்று தெரிந்தே பார்த்தானே! யுலி, நீயுமா அவ்வளவு அழுத்திச் சுரண்டினாய்?

மார்ச் 13
என் சிலிண்டர் வந்தது. என் கட்டிலருகே வைத்தார்கள். முகமூடியில் புது பிளாஸ்டிக் வாசனை. இழுக்க இழுக்க, யாரோ ஊசியை மெல்ல உருவியதுபோல் இருந்தது. வலி போன பிறகுதான் அழுதேன்.

மார்ச் 20
இன்றும் பை கட்டினார்கள். மீன் சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வேலைக்கு நடுவில் பர்னோ கண்ணைப் பொத்திக்கொண்டு என் அறைக்கு வந்தான். என்னவோ ஏதோவென்று அந்த வியாபாரியும் பின்னால் வந்தான், விரலிடுக்கில் கிராம்புச் சிகரெட்.

"அம்மா, முகமூடியக் குடு."

"ஏன், காத்து பூந்திருக்கும். யுலி, காச எடுத்துட்டு வா."

தரையில் மண்டியிட்டுவிட்டான். "நாடகம் இல்லம்மா. உன்னுதும் இல்ல, என்னுதும் இல்ல."

"அவருக்குக் கேக்கல. சத்தமாச் சொல்லு."

சொன்னான்.

வியாபாரியைச் சிகரெட்டோடு வாசலுக்கு அனுப்பினேன். சிரிக்காமல் போனான். முகமூடியை என் கையாலேயே பர்னோ முகத்தில் அழுத்திப் பிடித்தேன். எனக்கு வலிக்கும் அதே வலது கண்தான் அவனுக்கும்.

யுலி கையில் காசோடு வந்து நின்றாள். அதைக் கீழே வைக்க நான் சொல்லவில்லை; கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நிற்கட்டும்.