நீங்கள் சொன்னால் அழித்துக்கொள்கிறேன்

அக்கா,

இன்று காலை கெலாங் பாத்தா சந்தையில் அன்னாசிப்பழம் சீவிக்கொண்டிருந்த சீனக் கிழவர் எனக்கும் ஒரு துண்டு நீட்டினார். வாங்கினேன், ஆனால் வாயில் வைக்கவில்லை. வாசனை மூக்கில் ஏறியதுமே மறுபடியும் நீதிமன்றத்துக்குப் போய்விட்டேன். ஓய்வு பெற்ற மனுஷன், ஒரு கையில் மீன் பை, ஒரு கையில் பழத்துண்டு, நடுவழியில் மரம் மாதிரி நிற்கிறேன். "அங்கிள், கொஞ்சம் நகருங்க லா" என்று ஒரு பெண் இடித்துக்கொண்டு போனாள். நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்பது அப்போதுதான் உறைத்தது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலையில் காலமெல்லாம் பழம் சீவிய கை உங்களுடையது. சாட்சிக் கூண்டில் உறுதிமொழி எடுக்க அந்தக் கையை உயர்த்தியபோது விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வெளுத்திருந்தது. எவ்வளவு சோப்புப் போட்டாலும் போகாத வாசனை பக்கத்தில் நின்ற எனக்கு வந்தது. நான் அந்த நீதிமன்றத்தின் தமிழ் மொழிபெயர்ப்பாளன். நீங்கள் சொல்வதை மலாயிலும், அவர்கள் கேட்பதைத் தமிழிலும் சொல்வது என் வேலை.

"உங்களுக்கு மலாய் தெரியாதா அம்மா?" என்று முதல் நாள் மெதுவாகக் கேட்டேன்.

"மீன் வாங்குற அளவுக்குத் தெரியும் சார். இது மீன் இல்லையே" என்றீர்கள்.

அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், யார் பக்கத்தில் நிற்கிறேன் என்று.

உங்கள் கணவர் லாரியில் உதவியாள். கேபிள் திருடியதாகச் சந்தேகம் என்று கூட்டிப்போனார்கள். சோறு கட்டிக்கொண்டு போன உங்களிடம், நிலையத்தில் "அவர நேத்தே விட்டாச்சு" என்று சொல்லி அனுப்பினார்கள். எந்த நிலையம் என்று இங்கே எழுத வேண்டாம், உங்களுக்குத் தெரியும். அவர் வீட்டுக்கு வரவில்லை. மருத்துவமனை, பேருந்து நிலையம், பாலோவில் அவர் தங்கை வீடு என்று நாயாய் அலைந்தீர்கள். பிறகு ஒரு நாள், அதே லாக்கப்பில் இருந்துவிட்டு வந்த ஒருவன் உங்கள் வீட்டுக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அண்ணன் நடந்து வெளிய போகலக்கா. போர்வையில சுத்தித் தூக்கிட்டுப் போனாங்க" என்றான். உங்களுக்காக வந்த வழக்கறிஞர் துருவித் துருவிக் கேட்டதில், அதே வாரம் ஓர் ஆணின் உடல், சொந்தக்காரர் யாரும் இல்லை என்று சொல்லி, அரசாங்கப் புதைகாட்டில் மண்ணுக்குள் போனது தெரியவந்தது. ஊருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

அப்படித்தான் மரண விசாரணை தொடங்கியது. அந்த உடல் உங்கள் கணவருடையதா? அவர்தான் என்றால் எப்படி இறந்தார்? இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல வேண்டிய நீதிபதி ஒரு மலாய்க்காரப் பெண்மணி. குரல் உயராது. மூக்குக் கண்ணாடி மட்டும் நழுவிக்கொண்டே இருக்கும், தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பார். இவ்வளவு சாதுவானவரிடமா இந்த வழக்கு வந்து சேர்ந்தது என்று நான் உள்ளுக்குள் நொந்துகொண்டேன்.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. சாட்சி "நான்" என்றால் நானும் "நான்" என்றே சொல்ல வேண்டும். "இந்த அம்மா இப்படிச் சொல்கிறார்" என்று ஒதுங்கிக்கொள்ள முடியாது. திருடனுக்கும் குடிகாரனுக்கும் மாமனாரை அடித்த மருமகனுக்கும் "நான்" சொல்லிச் சொல்லி எனக்கு அது பல் தேய்ப்பது போல ஆகிவிட்டிருந்தது. உங்களுக்காக, இவ்வளவு பெரிய மீசையோடு "என் கணவர்" என்று மலாயில் சொன்னபோது பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நீங்கள் திரும்பிப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

காவல்துறை சார்பில் வந்த வழக்கறிஞர் நம்மவர். பொட்டுக்கும் தாலிக்கும் அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அவர்தான் அந்தக் கேள்வியை மலாயில் எடுத்து வீசினார். "கழுத்தில் தாலி இருக்கிறது. நெற்றியில் குங்குமம் இருக்கிறது. கணவர் இறந்துவிட்டார் என்று நீங்களே நம்பவில்லை. பிறகு எதற்கு இந்த விசாரணை? நஷ்டஈட்டுக்கா?"

தமிழில் அதை உங்களிடம் சொல்ல எனக்கு நாக்குக் கூசியது. நீங்கள் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக நீதிபதியைப் பார்த்தீர்கள்.

"புடிச்சவங்க விட்டுட்டோம்னு சொல்றாங்க. பொதச்சவங்க யாருன்னே தெரியாதுன்னு சொல்றாங்க. அப்புறம் நான் யார் பேச்சக் கேட்டு இத அழிக்கிறது? எட்டு படைக்கல, கருமாதி செய்யல, படத்துக்கு மாலை போடல. நீங்க சொல்லுங்கம்மா. அவர் இல்லன்னு நீங்க சொன்னா, இங்கயே, உங்க முன்னாலயே அழிச்சிக்கிறேன்."

"நான்" என்று மலாயில் ஆரம்பித்தேன். தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்ப ஆரம்பித்தேன். ஒரு வார்த்தை விடாமல் சொல்லி முடித்தேன். ஒரு மனுஷி தன் நெற்றியைக் கொண்டுவந்து நீதிமன்றத்தின் முன்னால் வைத்து, "இனி உன் பொறுப்பு" என்று சொன்னதை நான் அதுவரை பார்த்ததில்லை.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். இத்தனை மாதம் ஆகிவிட்டது, தோண்டினால் ஒன்றும் தெரியாது என்று அந்த வழக்கறிஞர் எழுந்தார். நீதிபதி அதே உயராத குரலில் சொன்னார்: "இந்த அம்மாவிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை. பதில் எந்த இடத்தில் கிடக்கிறது என்று மட்டும் தெரியும். அங்கே போவோம்." நான் அவரைச் சாது என்று நினைத்தவன்.

புதைகாட்டுக்கு அவரே ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு வந்து குழியோரத்தில் நின்றார். இயந்திரம் வேண்டாம், சங்குல் மண்வெட்டியால் வெட்டுங்கள் என்றார். செம்மண், முந்தின நாள் மழை, மண்வெட்டி ஒவ்வொரு முறையும் சப்பென்று ஒட்டியது. மண்ணை விலக்கி, சுற்றியிருந்த பிளாஸ்டிக்கைப் பிரித்தபோது இடுப்பில் கறுப்பு அரைஞாண் கயிறு அப்படியே இருந்தது. அடையாளம் எதுவும் இல்லாத ஆள் என்று எழுதிப் புதைத்திருந்தார்கள். "அது நான் கட்டுனது" என்றீர்கள். அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தீர்கள்.

"அம்மாகிட்ட சொல்லுங்க சார். மேல ஏதாவது மறைப்புக் கட்டச் சொல்லுங்க. வெயிலு பட்டா அவருக்குத் தலவலி வரும்."

அதையும் "நான்" என்றுதான் சொன்னேன். "என் கணவருக்கு வெயில் பட்டால் தலைவலி வரும்." நீதிபதி திரும்பி ஒரு வார்த்தை சொன்னார். நான்கு பேர் ஓடிப்போய்த் தார்ப்பாய் கொண்டுவந்து பிடித்தார்கள். பிடித்தவர்களில் இருவர் சீருடைக்காரர்கள்.

நான் ஓய்வு பெற்ற பிறகு உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என்னைக் கிண்டல் செய்யாமல் காப்பி கொடுத்ததில்லை. "அலமாக்! எத்தன பேரு முன்னால என் புருஷன உங்க புருஷன்னு சொன்னீங்க! கேஸு போடலாம்னு இருந்தேன் தம்பி" என்பீர்கள். உங்கள் மகன் சிங்கப்பூர் வேலை முடிந்து வந்து தலையில் அடித்துக்கொள்வான். அந்தக் காவலர்கள் மேல் இதுவரை வழக்கு வரவில்லையே என்று ஒரு தடவை நான் கொதித்தேன். "வரட்டும், வராம போகட்டும். நான் கேட்டது என் வீட்டுக்காரர. கெடச்சிட்டாரு. மிச்சத்த நீங்கல்லாம் கேளுங்க" என்றீர்கள். எனக்கு அதில் இன்னும் ஆறவில்லை, அக்கா. கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

தீர்ப்பு நாளைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை. நீங்கள் எடுக்கவில்லை, எனக்கும் துணிவு வரவில்லை.

அன்று நீதிபதி மலாயில் நீளமாக வாசித்தார். எலும்பும் மகனின் இரத்தமும் மரபணுச் சோதனையில் ஒத்துப்போயின. விலா எலும்புகள் உயிர் இருக்கும்போதே முறிந்தவை. காவலில் இருக்கும்போதே, காவலில் வைத்தவர்கள் அடித்ததால் வந்த சாவு. குடும்பத்துக்குச் சொல்லாமல் புதைத்தது உண்மையை மண்போட்டு மூடிய செயல். அறையில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். பிறகு அவர் என்னைப் பார்த்து, "அடுத்த வரியை அவர் பக்கத்தில் போய் நின்று சொல்லுங்கள்" என்றார்.

நீங்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். வந்து நின்றேன். இந்தத் தடவை "நான்" என்பது நீதிபதி. "உங்கள் கணவர் உயிரோடு இல்லை என்று நான் தீர்ப்பளிக்கிறேன் அம்மா" என்று என் வாயால் சொன்னேன். தலையை ஆட்டினீர்கள். முந்தானை நுனியை விரலில் சுற்றி, நீதிபதியைப் பார்த்தபடியே, அவசரமில்லாமல் குங்குமத்தைத் துடைத்தீர்கள். ஒரு தடவைக்குப் போகவில்லை. திரும்பத் துடைத்தீர்கள்.

நீதிபதி எழுந்து நின்றார். விசாரணை முடிந்தது என்று சொல்லவில்லை, கோப்பை மூடவில்லை. சும்மா எழுந்து நின்றார். நீதிபதி நின்றால் யாரும் உட்காரக் கூடாது. கோர்ட்டுச் சேவகர் திகைத்துப்போய், பழக்க தோஷத்தில் "பாங்ஙுன்!" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் எழுந்தார்கள். நம்மவரான அந்த வழக்கறிஞர் எழுந்தார். சாட்சி சொல்ல வந்த காவலர்கள், அவர்களுடைய அதிகாரிகள், எல்லாரும் விறைப்பாக நின்றார்கள். உங்களை எழுப்பச் சேவகர் ஓர் அடி எடுத்து வைத்தார். வேண்டாம் என்று நீதிபதி கையைக் காட்டினார். அந்த அறையில் உட்கார்ந்திருந்தது நீங்கள் ஒருவர்தான்.

போன மாதம் உங்கள் மகன் போன் செய்தான். "அங்கிள், அம்மா போயிட்டாங்க" என்றான். சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என்ன ஆச்சு என்று மனைவி பதறிப்போய்க் கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது, எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன் என்று.