ஐம்பதைத் தொடும் முள்

மார்ச் 4, செவ்வாய்
மீன் காட்சியகத்தின் பெரிய தொட்டியில் இறங்கிக் கண்ணாடி தேய்த்தேன். வழக்கம்போலவே, சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றளவு காட்டும் முள்ளை (நிறைந்திருந்தால் இருநூறு) பார்க்கவே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? சிலிண்டர் காலியாக ஆக, வாயில் கவ்விக்கொள்ளும் என் பழைய மூச்சுக் கருவியில், அதாவது ரெகுலேட்டரில், மூச்சிழுப்பது இறுகும். இறுகினால் மேலே வந்துவிடுவேன். இங்கே கருவிகளைப் பழுதுபார்ப்பவர் என் வீட்டுக்காரர்தான். "முள் ஐம்பதத் தொட்டா மேல வந்துரும்மா" என்று சொல்லிச் சொல்லி அவர் வாய் ஓய்ந்துவிட்டது.

மார்ச் 6, வியாழன்
பழைய ரெகுலேட்டர் தேய்ந்துவிட்டதாம். வீட்டுக்காரர் புதிது மாட்டித் தந்தார். "இது பேலன்ஸ்டு. பழசுல வால்வத் திறக்க சிலிண்டர் அழுத்தமும் தோள் கொடுக்கும். அது குறையக் குறைய நீதான் கஷ்டப்பட்டு இழுக்கணும். இதுல அந்த அழுத்தம் வால்வ எந்தப் பக்கமும் தள்ளாது. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி மூச்சு வரும். அதனால முள்ளப் பாரு."
பாதிதான் காதில் விழுந்தது. காட்சியக மேனேஜரின் தலைச்சாயத்தைப் பற்றி நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7, வெள்ளி
மானம் போச்சு!
மூச்சு வெண்ணெயாக வந்தது. இறுகட்டும், இறுகட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று — ஒன்றுமே இல்லை. துடைப்பானை வீசிவிட்டு மேலே பாய்ந்தேன். கண்ணாடிக்கு வெளியே நின்ற பள்ளிப் பிள்ளைகள் வித்தை என்று நினைத்துக் கைதட்டினார்களாம்.
மேனேஜர் கைதட்டவில்லை. "திங்கக்கிழம நானே நின்னு பாப்பேன். முள்ளப் பாக்காம இருந்தீங்க, அப்புறம் டிக்கெட் கவுண்ட்டர்தான்."
நானா? டிக்கெட் கிழிக்கவா? எனக்குத் தண்ணிக்குள்ள இருந்தாத்தானே மூச்சே வருது!
வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன். "பழசையே சரிபண்ணித் தரட்டுமா?" என்றார், முகம் மாறாமல். வேண்டாம் என்றேன். ரோஷம்.

மார்ச் 8, சனி
அந்த முள் இருக்கும் மீட்டரைக் கழுத்தில் தொங்கவிட்டுச் சமைத்தேன். அவர் இருமும்போதெல்லாம் அதைப் பார்க்க வேண்டும், அதுதான் பயிற்சி. அவருக்கு நிஜமாகவே சளி. சோறு அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 10, திங்கள்
ஜெயித்தேன்! ஐம்பதைத் தொட்டதும் மேலே வந்தேன். "இருங்க, தண்ணியிலயே இருங்க" என்றார் மேனேஜர்.
இரவுச் சாப்பாட்டில் முழுக் கதையையும் சொன்னேன். பாதியில் அவர் முகத்தைப் பார்த்தேன். ஆரம்பித்தபோது இருந்த அதே முகம். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகம் இறுகி நான் பார்த்ததே இல்லை. அந்தப் புது ரெகுலேட்டரும் இப்படித்தானே, இறுகாமலே காலியானது?
"ஏங்க, உங்க முள் இப்ப எங்க நிக்குது?"
கையில் கவளத்துடன் யோசித்தார். "அம்பத்தஞ்சு."
மேனேஜரின் தலைச்சாயக் கதையை நாளைக்கு வைத்துக்கொண்டேன்.